வேலைத்தலத்தில் பாரபட்சம்: திருகோணமலையில் ஆள் வைத்து வேலை செய்விப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நிலாவெளியில் விடுதி நடத்துபவர், பிரதான வீதியில் புடைவைக்கடை வைத்திருப்பவர், கிண்ணியாவில் அரிசி ஆலை, மூதூரில் மருந்தகம், சீனக்குடாப் பக்கம் ஒப்பந்த வேலை எடுப்பவர் என்று எல்லாத் தரப்பினரும் கேட்கும் கேள்விகள் இவை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே கூரையின்கீழ் வேலை செய்யும் மாவட்டம் இது. அதனால் வேறு ஊர்களில் எப்போதாவது எழும் பிரச்சினை இங்கே மாதம் ஒருமுறை எழும். பதில்கள் பொது விளக்கம் மட்டுமே. உங்கள் கைக்குக் கடிதம் வந்துவிட்டால் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள்.

தனியார் துறையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்று சொல்லும் தனிச்சட்டம் இலங்கையில் உண்டா?

இல்லை. அரச துறைக்கும் தனியார் துறைக்கும் சேர்த்து "வேலையில் பாரபட்சம் தடை" என்று ஒரே சட்டம் இன்றுவரை நிறைவேறவில்லை. இதைக் கேட்டதும் பல முதலாளிமார் "அப்போ நான் விரும்பினவரை எடுப்பேன், விரும்பினால் நிறுத்துவேன்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நட்டஈடு கட்டும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த நினைப்பில்தான் தொடங்குகின்றன.

தனிச்சட்டம் இல்லையே தவிர, சட்டம் வேறு வாசல்களால் உள்ளே வருகிறது. வேலைநீக்கம் என்றால் 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க வேலைநீக்கச் சட்டம். கர்ப்பிணி என்றால் மகப்பேற்றுச் சட்டங்கள். மாற்றுத்திறனாளி என்றால் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம். பாலியல் தொந்தரவு என்றால் தண்டனைச் சட்டக்கோவை. எந்த வாசலால் வந்தாலும் கடைசியில் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: "இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள்? அன்றைக்கே எழுதிய காரணம் எங்கே?" கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இந்தக் கேள்விக்குத் தயாராக இருப்பது பற்றியவையே.

அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை எங்களைக் கட்டுப்படுத்துமா?

12(2) இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கருத்து, பிறந்த இடம் ஆகிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. ஆனால் 126 ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனு போட வேண்டுமானால், உரிமையை மீறியது அரசின் ஆட்சித்துறை அல்லது நிருவாகச் செயலாக இருக்க வேண்டும். ஆகவே அரச கூட்டுத்தாபனம், நகரசபை, பிரதேச சபை, அரச பாடசாலை எல்லாம் அதற்குள் வரும். உங்கள் தனியார் கடை நேரடியாக வராது.

அரச சார்புள்ள நிறுவனத்தில் நிருவாகப் பொறுப்பில் இருப்பவர்கள் ஒரு காலக்கெடுவைக் கவனிக்க வேண்டும். மனுவைச் சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்து, அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தால், அந்த விசாரணைக் காலம் ஒரு மாதக் கணக்கில் சேராது. இது 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. எனவே "மாதம் ஒன்று கடந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று நினைக்க வேண்டாம்.

ஆள் தேவை விளம்பரத்தில் என்ன எழுதக்கூடாது?

நம்மூர்ச் சுவர்களிலும் முகநூலிலும் அடிக்கடி காணும் வாசகம் இது: "18 – 25 வயதுக்குட்பட்ட, திருமணமாகாத, அழகிய தோற்றமுடைய பெண்கள் தேவை. தமிழ்ப் பிள்ளைகள் விரும்பத்தக்கது." இந்த இரண்டு வரிகளுக்குள் வயது, திருமணநிலை, தோற்றம், பால், இனம் என ஐந்து வடிகட்டல்கள் இருக்கின்றன. அந்தப் பெண் என்ன வேலை செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை.

தனியார் விளம்பரத்துக்காக உடனே உங்களை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாமல் இருக்கலாம். ஆனால் பின்னாளில் அதே பெண் திருமணமான பிறகோ கர்ப்பமான பிறகோ வேலையிழந்தால், உங்கள் எண்ணம் என்னவென்று காட்டும் முதல் ஆவணமாக அந்த விளம்பரத்தின் படம் மேசைக்கு வரும். வேலையை எழுதுங்கள்: "விடுதி வரவேற்பு மேசைக்கு ஒருவர். ஆங்கிலமும் தமிழும் பேச வேண்டும், சிங்களம் தெரிந்தால் நல்லது. காலை 6 – பிற்பகல் 2, பிற்பகல் 2 – இரவு 10 என மாறுநேர வேலை." மொழி உண்மையிலேயே வேலைக்குத் தேவையென்றால் மொழியைக் கேட்பதில் பிழையில்லை. இனத்தைக் கேட்பதற்கு மொழியை மறைப்பாக வைப்பதுதான் பிழை.

நேர்முகத் தேர்வில் எதைத் தவிர்க்க வேண்டும்? என்ன பதிவு வைக்க வேண்டும்?

"எப்போ கலியாணம்?", "இன்னும் பிள்ளை வேணுமா?", "நீங்கள் என்ன ஆட்கள்?" இந்த மூன்றும் வேண்டாம். இவற்றின் விடை எந்த வேலைக்கும் தேவைப்படாது.

பதிவுக்கு ஒரு பக்கத் தாள் போதும். வரவேற்பு மேசை உதாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: மொழி 30 புள்ளி, முன்பதிவுக் கணினி வேலை 25, அனுபவம் 25, மாறுநேரத்துக்கு வரக்கூடிய நிலை 20. நேர்முகம் செய்யும் இருவரும் ஒருவர் தாளை ஒருவர் பார்க்காமல் புள்ளியிட்டு, திகதியும் கையெழுத்தும் வைக்க வேண்டும். அடியில் ஒரு வரிக் காரணம்: "முன்பதிவு மென்பொருளில் முன் அனுபவம் இல்லை." தெரிவு செய்யப்படாதவர்களின் தாளையும் குறைந்தது ஒரு வருடம் வைத்திருங்கள். வழக்கமாக நடக்கும் பிழை என்னவென்றால், தெரிவானவரின் கோப்பு மட்டும் பத்திரமாக இருக்கும், மற்றவை குப்பைக்குப் போய்விடும். கேள்வி எழுப்பப்போவது அந்த மற்றவர்கள்தான்.

மாற்றுத்திறனாளி ஒருவரை "எங்களுக்குச் சரிவராது" என்று திருப்பி அனுப்பலாமா?

இந்தக் கேள்வியைப் பலர் லேசாக எடுக்கிறார்கள். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, எந்த வேலைக்கோ பதவிக்கோ ஆட்சேர்க்கும்போது இயலாமை காரணமாகப் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது. தனியார் முதலாளி ஆட்சேர்ப்பு நிலையிலேயே எழுத்துச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளக்கூடிய அரிய இடம் இது. பாதிக்கப்பட்டவர் மாகாண மேல் நீதிமன்றத்தில் நிவாரணம் கோரலாம். திருகோணமலையில் மேல் நீதிமன்றம் இருக்கிறது. கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பொதுமக்கள் வரும் கட்டடத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும் அதே பிரிவில் வருகிறது. அணுகுவசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தன.

அரச துறையில் வெற்றிடங்களில் 3 சதவீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்லும் 27/88 இலக்கச் சுற்றறிக்கை தனியாருக்குப் பொருந்தாது. ஆனால் ஒதுக்கீடு இல்லை என்பதால் மறுக்கலாம் என்று ஆகாது.

நடைமுறையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் வேலையை உடைத்துப் பாருங்கள். காசாளர் வேலையில் நிற்பது அவசியமா, அல்லது உயரமான கதிரை ஒன்று போட்டால் போதுமா? காது கேளாத ஒருவருக்குச் சமையலறைப் பின்பகுதியில் எழுத்துக் கட்டளை போதாதா? இதைக் கேட்டுப் பார்த்து, முடியாதென்றால் ஏன் முடியாது என்பதை எழுதுங்கள். "மாடியிலுள்ள பண்டகசாலைக்கு 25 கிலோ மூடை தூக்க வேண்டும், மின்தூக்கி இல்லை" என்பது காரணம். "வாடிக்கையாளர் என்ன நினைப்பார்கள்" என்பது காரணமாகாது.

ஊழியர் கர்ப்பமாகிவிட்டார். என்ன கொடுக்க வேண்டும்? வேலையிலிருந்து நிறுத்தினால் என்ன ஆகும்?

எந்தச் சட்டம் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். கடை, அலுவலகம், விடுதி என்றால் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம். தொழிற்சாலை, ஆலை, தோட்டம் போன்றவை என்றால் 1939 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம்.

முன்பு மூன்றாவது பிள்ளை என்றால் விடுமுறை 42 நாளாகக் குறைந்தது. 2018 இல் வந்த 14 ஆம், 15 ஆம் இலக்கத் திருத்தச் சட்டங்கள் அந்த வேறுபாட்டை நீக்கின. உயிருடன் பிறக்கும் எந்தப் பிள்ளைக்கும், அது எத்தனையாவது பிள்ளையாயினும், இப்போது 84 நாள். இன்னும் பழைய கணக்கில் "மூன்றாவதுக்கு ஒன்றரை மாதம்தான்" என்று சொல்லி அனுப்பும் இடங்கள் உண்டு. நேரடிச் சட்டமீறல் அது.

எண்ணுவதிலும் பிழை வருகிறது. கடை, அலுவலகச் சட்டத்தில் வாராந்த விடுமுறை, பௌர்ணமி, சட்டப்படியான விடுமுறை நாட்களைச் சேர்க்காமல் 84 எண்ண வேண்டும். நாட்காட்டியில் அது 14 வாரத்துக்கும் மேல் போகும். தொழிற்சாலைக் கணக்கான 12 வாரத்தை, அதாவது பிரசவத்துக்கு முன் 2 வாரம், பின் 10 வாரம் என்பதை, கடைக்குப் போட்டால் அந்தப் பெண்ணின் சம்பளத்தில் இரண்டு கிழமைக்கு மேல் வெட்டிவிட்டீர்கள் என்று பொருள்.

பிரசவத்துக்கு முந்திய 3 மாதமும் பிந்திய 3 மாதமும் தாய்க்கோ பிள்ளைக்கோ தீங்கான வேலை கொடுக்கக்கூடாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்குக் கட்டளைச் சட்டத்தின்படி நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. வேலைத்தலத்தில் பிள்ளை பராமரிப்பிடம் இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கழிக்க முடியாது.

கர்ப்பத்தைக் காரணமாக வைத்து நிறுத்துவது இரு சட்டங்களிலும் தடை. அதைத் தெரிந்தவர்கள் வேறு வழி பார்க்கிறார்கள். வரவேற்பு மேசையிலிருந்து மாடித் துப்புரவுக்கு மாற்றுவார்கள், வேலைநேரத்தைப் பாதியாக்குவார்கள், அல்லது "நீங்களே எழுதித் தந்திட்டுப் போங்கோ தங்கச்சி, பிறகு வரலாம்" என்று விலகல் கடிதம் வாங்குவார்கள். இப்படி நெருக்கி விலக வைப்பதை, வேலைநீக்க வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாய சபை வேலைநீக்கமாகவே கருத முடியும். நியமனத்தின்போதே வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கி வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே அதைக் கிழித்துப் போடுங்கள். அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றாது, உங்கள் நோக்கத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கிளினிக் அட்டையின் பிரதியைப் பெற்றுக்கொண்டு, விடுமுறை தொடங்கும் திகதி, முடியும் திகதி, திரும்பி வரும்போது அதே பதவி என்பவற்றை எழுதிய ஒரு கடிதம் கொடுங்கள். சம்பளச் செலவு முழுவதும் முதலாளி தலையில் விழுவது உண்மையான சுமைதான். சிறிய கடைக்கு அது வலிக்கும். அதற்குத் தீர்வு தற்காலிகமாக ஒருவரைக் குறித்த காலத்துக்கு எடுப்பது. அவருடைய கடிதத்தில் "இன்னாரின் மகப்பேற்று விடுமுறைக் காலத்துக்கு" என்று எழுதிவிட்டால் பின்னால் சிக்கல் வராது.

இரவில் பெண்களை வைக்க முடியாது என்று சட்டம் சொல்வதால் ஆண்களையே எடுக்கிறோம். சரியா?

சட்டம் மட்டுப்படுத்துவது நேரத்தை. ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் இரவு 10 முதல் காலை 5 வரை பெண்களை வைக்க, 1984 இன் திருத்தத்தின்படி தொழில் ஆணையாளரின் எழுத்து அனுமதி வேண்டும். மாதத்தில் 10 இரவுக்கு மேல் கூடாது. ஒன்றரை மடங்கு சம்பளம், பெண் மேற்பார்வையாளர், ஓய்வறை ஆகியவை வேண்டும். அவரை வற்புறுத்தவும் முடியாது. மூன்று நேரமுறையில் ஒன்று இரவு என்பதால் மற்ற இரண்டிலும் பெண்களை மறுப்பதற்கு இதில் இடமில்லை.

எங்களிடம் எட்டுப் பேர்தான். சின்னக் கடைக்கு இதெல்லாம் வருமா?

வரும். தொழில் நியாய சபைக்குப் போக ஊழியர் எண்ணிக்கை ஒரு தடையே இல்லை. ஒரேயொரு ஊழியர் இருந்தாலும் அவர் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 31ஆ பிரிவின் கீழ் போகலாம். வேலைநீக்கம் நடந்து 6 மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தொழிற்சங்கம் அவருக்காக விண்ணப்பிக்கவும் முடியும்.

அங்கே நடப்பது இதுதான். விண்ணப்பத்தின் பிரதியும், பதில் கொடுக்க வேண்டிய திகதியும் உங்களுக்கு வரும். அதைப் பெட்டகத்தில் போட்டு மறந்தால் ஒருதலைப்பட்சமாகக் கட்டளை வந்துவிடும். பதிலில் "நான் நிறுத்தினேன்" என்று ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. நீங்கள்தான் முதலில் சாட்சியம் கொடுக்க வேண்டும். "நிறுத்தவில்லை, அவராகப் போனார்" என்றால் நிறுத்தப்பட்டதை அவர் நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டில் எது என்று தீர்மானிக்காமல், இரண்டையும் கலந்து பதில் எழுதித் தோற்றவர்கள் பலர்.

சபை நீதியும் ஒப்புரவுமான கட்டளையை வழங்கும். மீண்டும் வேலை, பின்சம்பளம், அல்லது அதற்குப் பதில் நட்டஈடு. ஒப்பந்தத்தில் "ஒரு மாத அறிவித்தலில் நிறுத்தலாம்" என்று இருப்பது மட்டும் உங்களைக் காக்காது. ஏன் நிறுத்தினீர்கள் என்பதைத்தான் சபை பார்க்கும். ஒரே பிழை செய்த இருவரில் ஒருவரை எச்சரித்து மற்றவரை நிறுத்தியிருந்தால், அதற்கான வேறுபாட்டை விளக்க வேண்டிவரும். நடைமுறையில் பாரபட்சம் பேசப்படும் இடம் இதுதான். மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு செய்ய முதலாளி பணப்பிணை கட்ட வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

தகுதிகாண் காலத்தில் இருப்பவரை நிறுத்த உங்களுக்குக் கூடுதல் இடம் உண்டு. ஆனால் ஐந்தாம் மாதம் வரை குறையே சொல்லாமல், கர்ப்பம் என்று தெரிந்த மறுவாரம் "திருப்தியில்லை" என்று எழுதினால் அந்த இடம் சுருங்கிவிடும்.

15 பேரோ அதற்கு மேலோ இருந்தால் என்ன மாறும்?

முந்திய 6 மாதத்தில் சராசரியாக 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்திருந்தால், 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் தவிர்ந்த வேறு காரணத்துக்கு நிறுத்த, அவருடைய எழுத்துச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியோ வேண்டும். இல்லாவிட்டால் அந்த நீக்கம் செல்லாது. ஒழுக்காற்று நீக்கம் என்றால் காரணத்தை நீக்கத்துக்குப் பின்வரும் இரண்டாவது வேலைநாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். "ஆள்குறைப்பு" என்று பெயர் வைத்து ஒரு சமூகத்தவரை மட்டும் அல்லது தாய்மாரை மட்டும் குறைக்க நினைப்பவருக்கு இந்த அனுமதிக் கட்டமே தடையாக நிற்கும். ஆணையாளர் அனுமதித்தாலும் நட்டஈடு கட்ட வேண்டிவரும்; அதற்கான சூத்திரத்தில் சேவையின் முதல் 5 வருடத்தில் ஒவ்வொரு வருடத்துக்கும் இரண்டரை மாதச் சம்பளம். உச்சவரம்பு 25 இலட்சம் ரூபாய்.

அபாயா, பொட்டு, தாடி, திருநீறு: உடை விதி வைக்கலாமா?

திருகோணமலையில் இது எல்லாருக்கும் தெரிந்த விடயம். 2018 இல் இங்குள்ள அரச பாடசாலை ஒன்றில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது பற்றிப் பெரும் பிரச்சினை எழுந்தது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் போன அந்த விடயத்தில் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமையை ஏற்றுப் பரிந்துரை செய்தது. 2019 இல் அரச அலுவலகப் பெண்கள் சேலையோ ஒசரியோ (கண்டியச் சேலை) தான் உடுத்த வேண்டும் என்று வந்த 13/2019 சுற்றறிக்கையும் எதிர்ப்புக்குப் பின் மாற்றப்பட்டது.

இரண்டும் அரச துறை. தனியார் நிறுவனம் சீருடை வைக்கலாம். ஆனால் விதி வேலையிலிருந்து பிறக்க வேண்டும். சமையலறையில் தலைமுடி மூடப்பட வேண்டும் என்றால் அது எல்லாருக்கும். ஹிஜாப் அதைப் பூர்த்தி செய்கிறது. இயந்திரத்துக்கு அருகே தொங்கும் துணி கூடாது என்றால் சேலைத் தலைப்பும் தாவணியும் அதில் அடங்கும். அபாயாவை மட்டும் பெயர் சொல்லித் தடுத்து, மற்றத் தளர்ந்த உடைகளை விட்டுவிட்டால் அது பாதுகாப்பு விதி இல்லை என்பது யாருக்கும் விளங்கும். சீருடையின் நிறத்திலேயே நீளக்கை மேற்சட்டையும் தலைத்துணியும் தைத்துக் கொடுக்கும் விடுதிகள் உண்டு. செலவு மூன்று மீற்றர் துணி, பிரச்சினை தீர்ந்தது.

பண்டிகை விடுமுறையில் எல்லாரையும் எப்படிச் சமமாக நடத்துவது?

கடை, அலுவலகச் சட்டத்தின் கீழ் சட்டப்படியான விடுமுறை 8: தைப்பொங்கல், சுதந்திர தினம், புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் பௌர்ணமிக்கு மறுநாள், மீலாத் நபி தினம், நத்தார். தீபாவளி, சிவராத்திரி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. இது பலருக்குத் தெரியாது. ஆகவே அந்த நாட்களுக்கு ஊழியர் தன் 14 நாள் வருடாந்த விடுமுறையிலோ 7 நாள் தற்செயல் விடுமுறையிலோதான் எடுக்கிறார்.

முதலாளியின் சமயப் பண்டிகைக்குக் கடை பூட்டி, எல்லாருக்கும் சம்பளத்துடன் விடுமுறை. மற்றவர் பண்டிகைக்கு "கடையில் ஆளில்லை." சண்டை இங்கேதான் தொடங்குகிறது. டிசம்பரிலேயே அடுத்த வருட நாட்காட்டியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் தன் சமய நாட்கள் இரண்டைத் தெரிவுசெய்யச் சொல்லிக் குறித்துவிடுங்கள். கோணேசர் கோயில் திருவிழாவுக்குத் தமிழ்ப் பிள்ளைகள் போகும்போது முஸ்லிம் ஊழியர் நிற்பார், பெருநாளன்று இவர்கள் நிற்பார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு உணவு இடைவேளையை நகர்த்திக் கொடுத்தால் வேலைநேரம் குறையாது.

கொழும்புத் தலைமையகம் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் மட்டும் கடிதம் அனுப்புகிறது. பிரச்சினையா?

பெரிய பிரச்சினை. காரணம் காட்டும் கடிதமோ குற்றப்பத்திரமோ ஊழியர் வாசிக்க முடியாத மொழியில் இருந்தால், "குற்றம் என்னவென்றே விளங்காமல் பதில் எழுதினேன்" என்ற வாதத்துக்கு நீங்களே வழி திறக்கிறீர்கள். மொழிபெயர்ப்பை இணைத்து, இரண்டையும் பெற்றதாகக் கையெழுத்து வாங்குங்கள். உள்ளக விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் இருந்தால் அவர் பெயரும் குறிப்பில் வர வேண்டும். கந்தளாயிலிருந்து வரும் சிங்கள ஊழியருக்குத் தமிழில் மட்டும் கடிதம் கொடுத்தாலும் இதே கதைதான்.

கடிதத்தின் உள்ளடக்கமும் முக்கியம். "உங்கள் நடத்தை திருப்தியற்றது" என்பதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. "இம்மாதம் 3 ஆம் திகதி காலை 8.00 மணிக்கு வர வேண்டிய நீங்கள் 9.40 க்கு வந்தீர்கள், முன்னறிவித்தல் தரவில்லை" என்பதை வைத்து முடியும்.

பெண்களுக்குக் கூலி குறைவாகக் கொடுப்பது ஊர் வழக்கம்தானே?

வழக்கம் என்பதால் சட்டமாகாது. தேசிய ஆகக்குறைந்த சம்பளம் ஆண், பெண் வேறுபாடு பார்ப்பதில்லை. 2025 ஏப்ரலில் மாதம் 27,000 ரூபாயாகவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாயாகவும் அது உயர்த்தப்பட்டது. நாட்கூலி 1,200 ரூபாய். தம்பலகாமத்து வயலானாலும் கருவாட்டு வாடியானாலும் பெண்ணுக்கு அதற்குக் கீழே போக முடியாது. அதற்கு மேல் ஆணுக்குக் கூட்டிக் கொடுப்பதானால், மூடை தூக்குதல் போன்ற வேலை வேறுபாட்டைச் சம்பளப் புத்தகத்தில் காட்டுங்கள். சம ஊதியம் பற்றிய சர்வதேசத் தொழில் அமைப்பின் 100 ஆம் இலக்கச் சமவாயத்தை இலங்கை 1993 இல் ஏற்றுக்கொண்டது.

சாதி?

1957 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் சாதியின் பேரால் ஒருவருக்குச் சமூகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கியது. தண்டனை 1971 இல் கூட்டப்பட்டது. துப்புரவு ஊழியருக்குத் தனிக் கோப்பை, தனி வாசல் வைத்திருக்கும் இடம் இன்றும் இருந்தால், அதை இன்றோடு நிறுத்துங்கள். இதில் ஆராய ஒன்றுமில்லை.

பாலியல் தொந்தரவு முறைப்பாடு வந்தால் என்ன செய்ய வேண்டும்?

1995 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தத்தின் பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு இதைக் குற்றமாக்குகிறது. 5 வருடம் வரை சிறை, அல்லது தண்டம், அல்லது இரண்டும். நட்டஈடும் கட்டளையிடலாம். அதிகாரத்தில் இருப்பவர் வேலைத்தலத்தில் வார்த்தையாலோ செயலாலோ விரும்பத்தகாத பாலியல் நெருக்கம் காட்டுவது இதற்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. தொட்டிருக்க வேண்டும் என்றில்லை.

முறைப்பாட்டைக் கேட்டவர் அன்றே திகதி, நேரத்துடன் எழுத வேண்டும், அவருடைய சொற்களிலேயே. மூவர் குழு அமையுங்கள். ஒருவராவது பெண்ணாகவும் ஒருவர் நிறுவனத்துக்கு வெளியேயிருந்தும் இருப்பது நல்லது. குற்றஞ்சாட்டப்பட்டவரின் நேரடிக் கீழ்ப்பணியாளர் குழுவில் இருக்கக்கூடாது. இரு தரப்பையும் தனித்தனியே கேளுங்கள். கண்காணிப்புக் கமெராப் பதிவு சில நாளில் அழிந்துவிடும், எனவே முதல் நாளே பிரதி எடுங்கள். பிரிக்க வேண்டுமானால் குற்றஞ்சாட்டப்பட்டவரின் நேரமுறையை மாற்றுங்கள். முறைப்பாடு செய்த பெண்ணை மாற்றுவதுதான் நம்மூரில் மீண்டும் மீண்டும் நடக்கும் தவறு. "அவவின்ரை நன்மைக்குத்தான்" என்று சொன்னாலும் அது தண்டனையாகவே படும், அடுத்த பெண் வாய் திறக்க மாட்டார்.

பொலிஸுக்குப் போவது அவருடைய உரிமை. போக வேண்டாம் என்று வற்புறுத்துவதோ, குடும்பத்தாரை அழைத்துச் "சமாதானம்" பேசுவதோ உங்கள் வேலையல்ல. பொலிஸ் விசாரணை நடப்பதால் உள்ளக விசாரணையை நிறுத்தவும் தேவையில்லை.

தொழிற்சங்கத்தில் சேர்ந்தவரை நிறுத்தலாமா?

முடியாது. கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999 இன் 56 ஆம் இலக்கத் திருத்தம் சேர்த்த 32அ பிரிவின்படி அது நேர்மையற்ற தொழில் நடைமுறை. உரிய ஊழியரில் 40 சதவீதத்துக்குக் குறையாதோர் அங்கத்தவராக உள்ள சங்கத்துடன் பேச மறுப்பதும் அதுவே. தொழில் திணைக்களத்திலோ சபையிலோ நல்லெண்ணத்துடன் சாட்சியம் சொன்னவர்மீது நடவடிக்கை எடுப்பதும் தடை.

பெண் ஊழியரை 50 வயதில் ஓய்வுக்கு அனுப்பும் பழைய நியமனக் கடிதங்கள் செல்லுமா?

2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் அவற்றை நம்ப வேண்டாம். சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 52 வயதை எட்டாதவர்களுக்கு ஆகக்குறைந்த ஓய்வு வயது 60, ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. கடிதப் படிவத்தில் அந்த வரியைத் திருத்துங்கள்.

புதிய சட்டம் ஏதும் வருகிறதா?

எல்லாத் தொழிற் சட்டங்களையும் ஒன்றாக்கும் முயற்சி 2023 இல் முன்வைக்கப்பட்டது. தொழிற்சங்கங்கள் எதிர்த்தன, நிறைவேறவில்லை. 2024 இல் வந்த பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அதே ஆண்டில் நிறைவேறிய 37 ஆம் இலக்கப் பெண்களை வலுவூட்டும் சட்டம் பெண்களுக்கான தேசிய ஆணைக்குழுவுக்கு இடம் வகுத்தது. புதிய சட்டம் வரும்வரை காத்திருந்து படிவங்களைத் திருத்தலாம் என்று விடவேண்டாம். மேலே சொன்னவை எல்லாம் இன்றைக்கே நடைமுறையில் உள்ளவை.

தொழில் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. முதல் நாள் என்ன செய்வது?

கடித உறையில் பெற்ற திகதியை எழுதுங்கள். ஊழியரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சத்தம் போடாதீர்கள். அந்த அழைப்பு பதிவாகும். நியமனக் கடிதம், வரவுப் புத்தகம், 12 மாதச் சம்பளப் பட்டியல், ஊழியர் சேமலாப நிதிக் கொடுப்பனவுச் சீட்டுகள், எச்சரிக்கைக் கடிதங்கள், அதே தவறுக்கு மற்றவர்களுக்குக் கொடுத்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போடுங்கள். இல்லாத கடிதத்தைப் பழைய திகதியிட்டு இப்போது தயாரிக்க வேண்டாம். குறுக்கு விசாரணையில் அது உடைந்தால் உண்மையான கடிதங்களையும் யாரும் நம்பமாட்டார்கள். மேற்பார்வையாளரின் கைத்தொலைபேசியிலுள்ள வட்ஸ்அப் செய்திகளை, உங்களுக்குப் பாதகமானவை உட்பட, அழிக்காமல் பிரதி எடுத்து அந்தக் கோப்பிலேயே வைத்து, பதில் கொடுக்க வேண்டிய திகதிக்கு ஒரு வாரம் முன்னராவது சட்டத்தரணியிடம் கொண்டுபோங்கள்.